சொட்டுக்குத் தட்டு வைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூர், ஆவடிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் கோணிப்பை விரித்திருக்கும், அதன்மேல் நட்டும் போல்ட்டும் பரப்பியிருக்கும், நடுவில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் குந்தியிருப்பார். மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். கோபித்துக்கொள்வார். இவர் ‘நானே பாத்துக்கிறேன்’ ரகம்.

இந்த ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கை குலுக்க மாட்டார், முழங்கையை நீட்டுவார். கல்யாணப் பந்தியில்கூட நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். எதைக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு மிஞ்சும்; அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொண்டே, “கம்பெனிக்காரன் ஒண்ணு எக்ஸ்ட்ராவா போட்டுட்டான்” என்பார். மெக்கானிக்கிடம் விடலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களா? தீர்ந்தது. பெற்ற பிள்ளையைப் பிள்ளைபிடிக்கிறவனிடம் கொடுக்கச் சொன்னதுபோல் பார்ப்பார்.

கள்ளிக்குப்பம் ஆரோக்கியசாமி அசல் அந்த ரகம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு பாகத்தின் அளவு தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மைக்ரோமீட்டர் பிடித்துக் கண்டுபிடித்து, சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தூக்கிப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவடி ராணுவ ஏலத்தில் ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிளை எடுத்து, தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். ஐந்து வருஷம் ஆயிற்று. ராணுவப் பச்சையைச் சுரண்டினார், கறுப்பு அடித்தார், தங்கக் கோடு இழுத்தார், டாங்கிலிருந்து டெயில் லைட்வரை ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி மாட்டினார். வண்டி மாப்பிள்ளைபோல ஜொலித்தது. வேலைக்கு மட்டும் சைக்கிளில் போனார்.

ஏனென்று கேட்கிறீர்களா? வண்டிக்கு இரண்டு வியாதி. ஒன்று, நிறுத்தி வைத்தால் பெட்ரோல் ஒழுகும். இரண்டு, ஓட்டினால் அரைக் கிலோமீட்டரில் நின்றுவிடும்.

ஒழுகலுக்கு வைத்தியம் சொல்ல ஊரே வந்தது. டாங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறக்க மூட ஒரு டேப் இருக்கிறதல்லவா, அதில் வாஷர் மாற்று என்றார் ஒருவர். மாற்றினார். வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்து அப்பு என்றார் இன்னொருவர். அப்பினார், எறும்பு வந்தது. பக்கத்து வீட்டு வேம்புலி வேலிக்கு மேலே தலையை நீட்டி, “இன்னா மாமே, துணி சோப்பத் தேச்சி உடு, அப்டியே கல்லு மாரி பிடிச்சிக்கும்” என்றார். தேய்த்தார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்து ஓர் எட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அலுப்பில் அப்படியே போய்ப் படுத்தார். காலையில் பார்த்தால், கீழே வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு இல்லை! தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு மறுபடி ஓட்டி, நிறுத்தி, டேப்பைக் கவனமாக மூடிவிட்டுப் படுத்தார். விடிந்தால் தட்டு ததும்பிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டைத் தினமும் கழுவுகிறவர் அவர் மனைவி லூர்தம்மாள். அவர் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த தட்டு அது.

“இன்னாங்க, கொயம்புலகூட பெட்ரோல் நாத்தம் அடிக்குது. அடுப்பப் பத்த வைக்கவே பயமாக் கீது.”

“இந்த வாரம் முடிச்சிடறேன் லூர்து.”

“அஞ்சி வருசமா இந்த வாரம்தான். இப்ப நான் சொல்றேன் கேளுங்க. நம்ம பொண்ணு ஜெசிந்தாவோட புதுநன்மைக்கு இந்த வண்டியிலதான் கோயிலுக்குப் போவணும். பூசை மணி அடிக்கறதுக்குள்ள போய்ச் சேரணும். பொண்ணு வெள்ள கவுன்ல ஒரு சொட்டு பெட்ரோல் படக்கூடாது. இல்லன்னா அன்னிக்கி சாயங்காலம் துலுக்கானம் தட்டுவண்டி எடுத்துகினு வருவாரு. சொல்லி வெச்சிட்டேன்.”

துலுக்கானம் காயலாங்கடைக்காரர். இரும்பு என்றால் எடை, அவ்வளவுதான் அவருக்கு. தங்கக் கோடெல்லாம் அவர் தராசில் ஏறாது. சொன்னால் சொன்னதைச் செய்கிறவர் லூர்தம்மாள் என்று ஆரோக்கியசாமிக்குத் தெரியும். அந்த வண்டியை அவர் எவ்வளவு நேசித்தார் என்றும் அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

ஜெசிந்தா முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்தப் புதுநன்மை ஞாயிறும் வந்தது. எட்டு மணிப் பூசைக்கு ஏழேகாலுக்கே கிளம்பினார்கள். டாங்கின் மேல் போர்வை மடித்துப் போட்டு, வெள்ளைக் கவுனும் முக்காடும் மெழுகுவர்த்தியுமாக ஜெசிந்தா. பின்னால் பட்டுப்புடவையில் லூர்தம்மாள். டேப்பைத் திறந்தார், சிலுவை போட்டுக்கொண்டார், உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. வேம்புலி வாசலில் நின்று விசிலடித்தார்.

மாவு மில் அருகே நின்றது. ஆரோக்கியசாமி பதறவில்லை, இது அவருக்குப் பழக்கமான இடம். பத்திரத்துக்கு டேப்பை மூடினார், பிளக்கைக் கழற்றினார், ஊதினார், தேய்த்தார், மாட்டினார். பத்து நிமிஷம். டேப்பைத் திறந்து உதைத்தார், ஓடியது. “பாத்தியா? பிளக்குதான்” என்றார். டீக்கடை அருகே மறுபடி நின்றது. டேப்பை மூடி, ஒயரை நோண்டி, முடிச்சுப் போட்டார். பத்து நிமிஷம். ஓடியது. “ஒயருதான்!” இப்படி இந்த ஐந்து வருஷத்தில் அவர் செய்த ஒவ்வொரு ரிப்பேரும் வெற்றிதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றுகூட அரைக் கிலோமீட்டருக்கு மேல் தாங்கியதில்லை, அவ்வளவே.

மூன்றாவது முறை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றது. மணி ஏழே முக்கால். கோயில் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆரோக்கியசாமி டேப்பை மூடிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். ஜெசிந்தாவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

“ஒண்ணு சொல்லட்டா?” என்றார் லூர்தம்மாள்.

“இன்னா?”

“அந்த டேப்ப மூடிகினே ஓட்டுங்க.”

இவ்வளவு பதற்றத்திலும் ஆரோக்கியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூடினா பெட்ரோல் எப்டிம்மா வரும்? இஞ்சினு இன்னா தண்ணியிலயா ஓடுது?”

“நீங்க மூடி வெச்சிட்டுப் படுத்தா தட்டு ரொம்புது. பூந்தி வாங்கிக் குடுத்தீங்களே, அதுக்கு மொத நாளு ராவு மூட மறந்துட்டீங்க. காலையில நீங்க தட்டப் பாத்துட்டுப் போனப்பறம் நான்தான் மூடினேன். அன்னிக்கி தட்டு காஞ்சி கெடந்துது. வழியில தொறந்துகினு வந்தா நிக்குது. மூடிட்டுப் பத்து நிமிசம் நோண்டினா ஓடுது. எனக்கு இஞ்சின் தெரியாதுங்க. ஆனா தட்டக் கழுவறவ நான்.”

ஆரோக்கியசாமி ஸ்பேனரைச் சட்டைப்பையில் செருகினார். தூரத்தில் முதல் மணி அடித்தது. டேப்பை மூடியபடியே விட்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு உதைத்தார்.

வண்டி ஓடியது. பூசை தொடங்கும் மூன்றாம் மணிக்கு முன்னால் கோயில் வாசலில் போய் நின்றது. வெள்ளைக் கவுனில் ஒரு பொட்டுக் கறையில்லை.

சாமியார் பிரசங்கம் வைத்த அரைமணி நேரமும் ஆரோக்கியசாமியின் மனசு டாங்குக்கு அடியிலேயே இருந்தது. வண்டி வந்த முதல் மாசம் டேப்பைக் கழற்றிக் கழுவியபோது, அதன் கைப்பிடியைக் கால் வட்டம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்! அன்றிலிருந்து மூடுகிறேன் என்று திறந்திருக்கிறார், திறக்கிறேன் என்று மூடியிருக்கிறார். ராத்திரியெல்லாம் கார்புரேட்டர் நிறைந்து வழிந்திருக்கிறது. காலையில் அதில் தங்கிய கொஞ்சம் பெட்ரோலில்தான் அரைக் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை! வெட்கமாகத்தான் இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் மைத்துனரிடம், “எவனோ டேப்ப மாத்தி மாட்டியிருக்கான்பா, நான்தான் கண்டுபிடிச்சேன்” என்றார். லூர்தம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

சாயங்காலம் துலுக்கானம் தட்டுவண்டியோடு வந்தபோது வாசலில் கோணிப்பை விரித்திருந்தது.

“இன்னா நைனா, வண்டி ஓடிடுச்சின்னாங்க?”

“ஓடுது, ஓடுது. நீ போயிட்டு வா. கைப்பிடிய கால் வட்டம் திருப்பி மாட்டணும், அஞ்சி நிமிசம். அப்டியே அந்தக் கார்புரேட்டரையும் ஒருவாட்டி தொறந்து...”

அந்த ‘அப்படியே’ லூர்தம்மாளின் காதில் விழுந்தது. உள்ளே போனார். ஸ்பேனர், கட்டிங்பிளேயர், சுத்தியல், அரம் எல்லாம் அடங்கிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து தட்டுவண்டியில் வைத்தார்.

“வந்தது வந்துட்டீங்க, வெறுங்கையோட போவாதீங்க. இத எட போட்டுக்குங்க.”

அன்றிலிருந்து கள்ளிக்குப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் டேப்பை மூடிக்கொண்டு ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரோக்கியசாமி அதிலேயே வேலைக்குப் போகிறார். முகத்தில்தான் களையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டி, “பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கெடைக்குமா சார்? அஞ்சி நிமிசம்” என்கிறார்.

உங்கள் கதவையும் தட்டுவார். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தாலும் கூடவே எழுந்து போகாதீர்கள். போனால் பக்கத்தில் குந்துவீர்கள், குந்தினால் “இப்டி குடுங்க, நான் பாக்கறேன்” என்பீர்கள். அதெல்லாம் நான் இல்லை என்கிறீர்களா? பெட்ரோல் ஒழுகுகிறது என்று நான் சொன்ன உடனே, ‘வாஷர் போயிருக்கும்’ என்று மனசுக்குள் சொன்னது யார்? சரி, விடுங்கள். எதற்கும் உங்கள் வீட்டில் தட்டு கழுவுகிறவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.