கோடு இழுத்தால் போதும்

ஐவியின் குரலை இறங்குதுறை ஒலிபெருக்கி ஏற்க மறுத்தது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மாடியொன்றில் இயங்கிய சிறிய கணினி நிறுவனம் அது. திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணிகளுக்கான அறிவிப்புகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். குரல் கொடுப்பவள் ஐவி. அவளுடைய புதுக் கைபேசியில் பதிவாகும் ஒலி, ஜெட்டி என்று எல்லோரும் சொல்லும் இறங்குதுறையின் கம்பத்திலிருந்த ஒலிபெருக்கிக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றையும் எம்பீத்ரீயாக மாற்றி அனுப்ப வேண்டும். அது தெரிந்த ஒரே ஆளான கிருஷாந்தன், வயலில் வேளாண்மை வெட்டுக்காகத் தன் ஊரான திரியாய்க்குப் போய்விட்டான்.

மிஞ்சியது ஹஸ்மி. வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதும்தான் அவன் வேலை. கணினிக் கோட் என்றால் அவனுக்குக் காய்ச்சல் வரும்.

காலையில் முதலாளி கலீலுர் றஹ்மான் தொலைபேசியில் வந்தார். மனைவி காலமான பிறகு அலுவலகமே வீடென்று கிடப்பவர்.

"ஹஸ்மி, இண்டைக்கு நான் வரமாட்டன். நாளைக்குப் படகுக் கொம்பனிக்காரர் வந்து பார்ப்பாங்க. அவங்களுக்குப் புடிக்காட்டி ஒப்பந்தம் போயிடும். எல்லாத்தையும் ரெடியாக்கி வைங்க."

"ஓம் சேர்."

இணையத்தில் தேடியபோது ஒரு தளம் அகப்பட்டது. கோட் எழுதத் தேவையில்லையாம். பெட்டிகளை அடுக்கி, நடுவில் கோடு இழுத்தால் போதுமாம்.

ஹஸ்மி இழுத்தான். கிருஷாந்தன் தன் கோட்களையும் ஐவியின் பதிவுகளையும் இணையத்தில் சேமித்து வைக்கும் களஞ்சியம் முதல் பெட்டி. அதன் 'அறிவிப்பு' என்ற ஃபோல்டரில் புதிய பதிவு விழுந்தால், இரண்டாவது பெட்டி அதை எம்பீத்ரீ ஆக்கும். மூன்றாவது பெட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ஒலிபெருக்கிக்குள்ளேயே சிம் இருந்ததால் அனுப்பியதும் பேசிவிடும்.

ஐவி ஒரு பதிவைப் போட்டாள். திரையில் பச்சைச் சரி அடையாளம் விழுந்தது.

"ஐவியக்கா, பார்த்தீங்களா! நானும் எஞ்சினியர்தான்!"

"கிருஷாந்தன் நம்பமாட்டான், தம்பி."

நம்ப வைப்பதற்காக ஹஸ்மி நாலாவது பெட்டி ஒன்றைச் சேர்த்தான். கிருஷாந்தன் திறந்து கேட்கட்டும் என்று, மாற்றிய பதிவின் பிரதியை அதே ஃபோல்டரில் திருப்பிப் போடும் பெட்டி.

பிரதி விழுந்தது. புதிய பதிவு வந்திருக்கிறதென்று முதல் பெட்டி அதைத் தூக்கியது. மாற்றியது, அனுப்பியது, பிரதி போட்டது, அதையும் தூக்கியது. பச்சைச் சரிகள் மழைபோல் விழத் தொடங்கின.

"என்னப்பா இது?"

"உங்கட குரல்தான், அக்கா. பாதுகாப்பு அங்கி போடுங்க, பாதுகாப்பு அங்கி போடுங்க எண்டு ஜெட்டியில விடாமச் சொல்லிக்கொண்டிருக்கு."

"ஐயோ! சனம் பயந்து கடலுக்குப் போகாதே!"

இறங்குதுறையில் பயணச்சீட்டுக் கொடுக்கும் கிறிஸ்தோபருக்கு அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது.

ஹஸ்மி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். சிக்கல் 'அறிவிப்பு' ஃபோல்டரில் அல்லவா? 'அறிவிப்பைத் தவிர மற்றவை' என்று மாற்றினான். ஏற்கெனவே உள்ளவற்றையும் சேர்க்கவா என்று தளம் கேட்டது. அவசரத்தில் 'ஓம்' என்றான்.

மழை நின்றது. மூச்சு வந்தது. பிறகு ஒரு பச்சைச் சரி. இன்னொன்று.

"மற்றதுகள் எண்டா என்ன, தம்பி? அதுக்குள்ள என்ன கிடக்கு?"

ஹஸ்மி ஒன்றைத் தட்டிப் பார்த்தான். அவன் மனைவி ஸல்ஹாவின் குரல் அறையை நிறைத்தது.

"வரக்குள்ள முருங்கைக்காய் எடுத்துட்டு வாங்க. போன தரம் மாதிரி முத்தலை எடுத்துடாதீங்க."

ஹஸ்மிக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஐவி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிவுகள் நேராகச் சேரட்டும் என்று, ஹஸ்மியுடைய கைபேசியின் குரல் ஃபோல்டரைக் கிருஷாந்தன் களஞ்சியத்தோடு இணைத்திருந்தான். ஐவியுடையது மட்டுமா சேர்ந்திருக்கிறது? அவன் கேட்டது, பேசியது, எல்லாமே.

அடுத்ததைத் தட்டினான். ஸல்ஹாவுக்கு அவன் அனுப்பிய குரல்.

"எங்கட சேரா? வயசு ஐம்பது எண்டு சொல்லித் திரியிறார், புள்ள. அறுபத்தொண்டு! வாயில இருக்கிறது முழுக்கக் கட்டுப் பல்லு. பகல் சாப்பிட்டதும் அதைக் கழட்டிக் கிளாசில போட்டுட்டு விடுற குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிருது."

ஐவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது... ஜெட்டிக்குப் போயிட்டுதா?"

பச்சைச் சரி.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ, தம்பி!"

'நிறுத்து' என்ற பொத்தானை அமுக்கினான். வரிசையில் உள்ளவற்றை முடித்துவிட்டு நிறுத்தவா என்று தளம் பணிவாகக் கேட்டது. நிறுத்து என்ற சொல்லை மட்டும் கண்ட விரல் மறுபடியும் 'ஓம்' என்றது. சரிகள் இரட்டை வேகத்தில் விழுந்தன.

ஐவி பாய்ந்துபோய் இணைய ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரை உறைந்தது.

"முடிஞ்சுது," என்றாள்.

"அக்கா, இது எங்கட கொம்பியூட்டரில ஓடேல்ல. எங்கேயோ ஒரு மெசினில ஓடுது. இப்ப எங்களால பார்க்கவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது!"

முதலாளிக்கு அழைத்தான். தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் அணைத்திருக்கிறார். வேலை போய்விட்டது. ஒப்பந்தமும் போய்விட்டது. முருங்கைக்காய் ஊருக்கே தெரிந்ததற்கு ஸல்ஹா என்ன செய்வாளோ.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினான். கடற்கரைத் தெருவில் ஊர்மாடுகள்போல் படுத்திருந்த மான்கள் திடுக்கிட்டு எழுந்து வழிவிட்டன.

இறங்குதுறை அமைதியாக இருந்தது.

வெள்ளைக்காரர்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை. கிறிஸ்தோபர் கதிரையில் சாய்ந்து பேக்கரிப் பணிஸ் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன்... சத்தம்... ஏதும் கேட்டதா?"

"என்ன சத்தம்? காலமையிலிருந்து அலைச் சத்தம் மட்டும்தான், தம்பி. என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?"

ஹஸ்மி நிமிர்ந்து பார்த்தான். கம்பம் வெறுமையாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லை! மீன் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தான். சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. ஐவிக்கு அழைத்து, "தப்பிட்டம் அக்கா, ஒரு குருவிக்கும் கேக்கேல்ல!" என்று கத்தினான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"பழுது பார்க்கவா கழட்டினீங்க, அண்ணன்?"

கிறிஸ்தோபர் பணிஸ் துகளைத் தட்டிவிட்டார்.

"பழுதோ? அது நல்லாத்தானே இருக்கு! உங்கட சேரெல்லோ விடியவே கழட்டி வான் வண்டியில ஏத்திக்கொண்டு மூதூருக்குப் போனவர். இண்டைக்கு அவருக்கு நிக்காஹ், பொம்பிளை வீட்டு முற்றத்தில இருக்கிற சனத்துக்கெல்லாம் கேக்கோணுமாம்."