காதால் எஞ்சின் பார்ப்பவர்

பழுதான மோட்டார் சைக்கிளைக் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போவதைவிட, அதை வீட்டு முற்றத்தில் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து குந்தியிருப்பதே கௌரவம் என்று நம்பும் ஓர் இனம் எங்கள் தீவுப்பகுதியில் வாழ்கிறது. அழிந்துவரும் இனமோ என்று கவலைப்படாதீர்கள். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை ஒழுங்கைக்கு ஒருவர் வீதம் தாராளமாக இருக்கிறார்கள். அடையாளம் காண்பதும் சுலபம். ஓடுகின்ற எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் போய்க் குந்தி, கண்ணை மூடி, தலையைச் சற்றே சரித்து, ஒரு கையை உயர்த்தி, சுற்றி நிற்பவர்களை மூச்சு விடாமல் நிறுத்தி வைப்பவர் எவரோ, அவரே. கோயிலில்கூட அவர் அப்படிக் கண்மூடி நின்றதில்லை.

அவரிடம் 'பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பதில்லை. கேட்பார். பார்ப்பதெல்லாம் கராஜ்காரன் வேலை.

புளியங்கூடல் செல்வரத்தினத்தாரை எடுத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கோப்புக் கட்டி ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் எந்தக் கோப்பிலும் அவர் ஒரு முடிவு எழுதியதில்லை. 'மேலதிகாரியின் கவனத்துக்கு' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகுதான் முடிவெடுக்கும் ஆசை வந்தது. எஞ்சின்கள் அகப்பட்டுக்கொண்டன.

இந்த வித்தையை எங்கே படித்தார்? தொண்ணூறுகளில், பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். குடாநாடு முழுவதும் அப்படித்தான் ஓட்டியது. ஆனால் அவர் வாயால் கேட்டால், யாழ்ப்பாண வீதிகளில் அன்று அவர் ஒருவரே தனியாகப் புகைவிட்டுக்கொண்டு போனது போல இருக்கும். "மண்ணெண்ணெயிலை ஓடின எனக்கு..." என்று ஒரு வசனத்தைத் தொடங்குவார். அதை முடிக்க வேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் ஏற்பட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய மகள் தாரிகா மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணினாள். பட்டம் பெற்று, நியமனத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்து, கடைசியில் கடிதம் வந்திருந்தது: நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடம், கணித ஆசிரியை. திங்கட்கிழமை கடமையேற்காவிட்டால் நியமனம் இரத்து என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடித்தால்தான் கையெழுத்து. பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது இறங்குதுறைக்குப் போய்ச் சேரும்போது சில நாள் படகு நிற்கும். சில நாள் படகின் பின்பக்கம் மட்டும் தெரியும். இரண்டு வருடம் காத்திருந்தவள் அந்தச் 'சில நாளை' நம்பத் தயாராக இல்லை.

எஞ்சின் எழும்பியது. டுப்டுப்டுப். பிறகு ஒரு மௌனம். பிறகு ஓர் இருமல். பிறகு சைலன்சருக்குள் ஒரு வெடி. படலை வரைக்கும் ஆட்டுக்குட்டி போலத் துள்ளிப் போய் நின்றது.

"அப்பா, எஞ்சின் மிஸ் பண்ணுது."

செல்வரத்தினத்தார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பிய விதத்தைப் பார்த்திருந்தால், மகளுக்கு நியமனக் கடிதம் வந்த அன்றைக்கு அவர் அவ்வளவு சந்தோஷமாக எழும்பவில்லை என்று சொல்லியிருப்பீர்கள்.

குந்தினார். கண்ணை மூடினார். கையை உயர்த்தினார்.

"பிளக்."

பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் உரஞ்சி, வேட்டித் தலைப்பால் துடைத்து, ஊதி, பூட்டினார். எஞ்சின் எழும்பியது. மௌனம். இருமல். வெடி.

"நான் நினைச்சனான்," என்றார்.

கவனியுங்கள். தோல்விக்கு அந்த இனத்தவர் வருந்துவதில்லை; தோல்வியையும் தாங்கள் முன்கூட்டியே கண்டுகொண்டதாக அறிவித்துவிடுவார்கள். "பிளக் எண்டால் இப்பிடி வெடிக்காது பிள்ளை. இது வயர். உப்புக்காத்து." பிளக் வயரை அரை அங்குலம் வெட்டினார். வயர் குறைந்தது, நோய் குறையவில்லை. குறைந்த வயர் பிளக்குக்கு எட்டவும் மாட்டேன் என்றது. அதை இழுத்து, கட்டி, பூட்டி முடிக்கும்போது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, வேலணையிலை கராஜ்காரப் பெடியனுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டால் என்ன?" என்றார் அவருடைய மனைவி சத்தியபாமா, குசினி வாசலில் நின்று.

"அவனுக்கு என்ன தெரியும்? கழட்டிப் பாத்துத்தான் சொல்லுவான்."

"நீங்களும் இப்ப கழட்டித்தானே வைச்சிருக்கிறியள்?"

"நான் தெரிஞ்சு கழட்டினனான்."

இதற்கு மேல் ஒரு மனைவி என்ன செய்ய முடியும்? சத்தியபாமா சுவிஸில் இருக்கும் தன் தம்பி றஜீபனை வட்ஸப்பில் கூப்பிட்டார். தம்பி சொன்னால் கணவர் கேட்பார் என்ற நம்பிக்கை. றஜீபன் இருபது வருடமாகச் சொந்தக் கார் வைத்திருப்பவர். அதன் எஞ்சின் மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. ஆகவே அவருடைய அறிவில் கிறீஸ் படவில்லை, சுத்தமாக இருந்தது.

"அத்தான், போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கோ. ஆ... கேக்குது. விட்டு விட்டுத்தான் வருது. ஒரு அடி, பிறகு ஒண்டுமில்லை, பிறகு ஒரு அடி. இது வால்வு அத்தான், சந்தேகமே இல்லை."

"தம்பி," என்றார் சத்தியபாமா, "அவர் இன்னும் ஸ்ராட் பண்ணேல்லை."

மைத்துனர் ஓடாத எஞ்சினைக் கேட்டுவிட்டார் என்று சிரித்துவிட்டுத் தப்பியிருக்கலாம், செல்வரத்தினத்தார். ஆனால் இனப்பற்று என்று ஒன்று இருக்கிறதே!

"வால்வுதான்," என்றார். "எனக்கும் காலமையே ஒரு சந்தேகம்."

வால்வு மூடி கழன்றது. அதன் இடைவெளியைச் சரிபார்க்க ஒரு தகடு வேண்டும். அது இல்லாததால் மகளின் நியமனக் கடிதம் வந்த கடித உறையைக் கிழித்து அளவு பார்த்தார். நண்டுக் குழம்பு ஆறியது. மூன்றாவது முறையாகச் சூடாக்கினார் சத்தியபாமா. தாரிகா கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பெற்றோல் அடிக்கும் செட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று தாயிடம் மெல்லக் கேட்டாள். மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பூட்டி ஸ்ராட் பண்ணியபோது இரண்டு வெடி சேர்ந்து வெடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வளவிலிருந்து மரியநாயகம் வந்தார். கடற்றொழில் செய்பவர், தோளில் துவாய், வாயில் பாக்கு.

"என்ன அண்ணை, வெடி கொளுத்திறியள்? தாரிகாவுக்குப் பொருத்தம் சரிவந்திட்டுதாக்கும் எண்டு பலகாரம் சாப்பிட வந்தனான்."

"எஞ்சின் மிஸ் பண்ணுது. வால்வு."

மரியநாயகம் கீழே பரப்பியிருந்ததைப் பார்த்தார். பிறகு பெற்றோல் தாங்கியைப் பார்த்தார். "எண்ணெயைப் பாத்தனீங்களோ?"

"என்ன?"

"கடலிலை எங்கடை எஞ்சின் இருமினால் முதல் எண்ணெயைத்தான் ஒரு வெள்ளைப் போத்தலிலை எடுத்துப் பாப்பம் அண்ணை. தண்ணி கலந்திருந்தால் அடியிலை தெரியும். நடுக்கடலிலை நிண்டு வால்வு கழட்டேலாது கண்டியளோ."

"நீர் சொல்லுறது கடல் எஞ்சின். இது தரை எஞ்சின்."

"அப்பா," என்றாள் தாரிகா, "வெள்ளிக்கிழமை என்ன பெற்றோல் விட்டனீங்கள்?"

செல்வரத்தினத்தார் சாவியைக் கீழே வைத்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அன்று முழுவதும் அவரிடம் யாரும் இப்படி ஒரு தகாத கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பெற்றோலைப் பற்றி நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டில் எரிபொருள் இல்லாமற்போன 2022ஆம் ஆண்டில், கதிரையும் குடையும் கொண்டுபோய், வரிசையில் நாள் கணக்கில் காத்துக் கிடந்து வாங்கிய பெற்றோல் அது. ஒவ்வொரு முறையும் தாங்கியில் அடிப்பார், வீட்டுக்கு வருவார், இறப்பர் குழாயால் உறிஞ்சி, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்ரிக் கானில் விடுவார், அடுத்த நாள் மறுபடி வரிசைக்குப் போவார். ஊரில் பெற்றோல் வைத்திருந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். அந்த வருடம் முழுவதும் எல்லா இடத்துக்கும் சைக்கிளில் போனவரும் அவர்தான். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது. கான் அசையவில்லை. 'அவசரத்துக்கு' என்றார். மூன்று மாரி, மூன்று கோடை அது மூட்டைகளின் பின்னால் வியர்த்துக்கொண்டு கிடந்தது. மகள் முதன்முதலாகச் சம்பளத்துக்குப் போகும் நாளுக்குத்தான் மூடியைத் திறந்தார். நல்ல காரியத்துக்கு நல்ல பெற்றோல்.

"அது நான் வெயிலிலை காய்ஞ்சு வாங்கின பெற்றோல்," என்றார். குரல் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. "அதிலை ஒரு பிழையும் இருக்கேலாது."

இதுதான் இந்த இனத்தின் தர்க்கம். பிளக்கில் பிழை வரலாம், வயரில் பிழை வரலாம், ஜப்பான்காரன் வார்த்த வால்விலும் பிழை வரலாம். தான் கஷ்டப்பட்டுத் தேடியதில் மட்டும் பிழை வராது. கஷ்டப்பட்டால் போதும், பொருள் தன்பாட்டில் தரமாகிவிடும்.

மரியநாயகம் வெற்றுச் சோடாப் போத்தல் ஒன்றை வேலியோரம் இருந்து எடுத்து, உதறி, துவாயால் துடைத்து, தாரிகாவிடம் கொடுத்தார். அவள் தாங்கியின் குழாயைக் கழற்றிப் பிடித்தாள். போத்தல் நிறைந்தது. வெயிலுக்கு நேரே உயர்த்தினாள். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், தெளிவாக, கிணற்றில் அள்ளியது போல. அதன் மேலே சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் ஏதோ ஒன்று. மணம் பெற்றோல் மணமல்ல; பழைய பெயின்ற் மணம்.

எல்லாரும் போத்தலைப் பார்த்தார்கள். செல்வரத்தினத்தார் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

"போத்தலிலை முந்தித் தண்ணி இருந்திருக்கும்," என்றார்.

மரியநாயகம் வாயைத் திறந்தார். சத்தியபாமாவும் திறந்தார். மூன்று வருடம் நெல் மூட்டையோடு அந்த மணத்தையும் சகித்தவர். சொல்ல நிறைய இருந்தது. அந்த இரண்டு வாயும் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? செல்வரத்தினத்தார் எஞ்சினின் அடிவயிற்றையும் பிளந்து, பழுது அங்கேதான் இருக்கிறது என்று நிறுவியிருப்பார். திங்கட்கிழமைப் படகு போயிருக்கும்.

தாரிகா இருபத்தெட்டு வருடம் அவருக்கு மகளாக இருந்தவள். தாயை ஒரு பார்வையால் நிறுத்தினாள்.

"அப்பா, நீங்கள் காலமை சொன்னது சரிதான் போலை கிடக்கு."

"என்ன சொன்னனான்?"

"தாங்கிக்குள்ளை கறள் பிடிச்சிருக்கும், கழுவ வேணும் எண்டு. வயர் வெட்டேக்கை சொன்னனீங்கள். நாங்கள்தான் கவனிக்கேல்லை."

அவர் யோசித்தார். அன்று காலையிலிருந்து பதினொரு பழுதுகளைப் பெயர் சொல்லி அறிவித்திருந்தார். அவற்றுள் துரு, கறள் என்று ஒன்று இருந்திருக்கக் கூடாதா? யோசிக்க யோசிக்க, தான் அதைச் சொன்னபோது எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"சொன்னனான்," என்றார். "இந்த வீட்டிலை நான் சொல்லுறதை ஆர் கேக்கினம்?"

பிறகு எல்லாம் அரை மணி நேரத்து வேலை. தாங்கியை வடித்தார்கள், கழுவினார்கள், காயவிட்டார்கள். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார்கள். செட் பூட்டுவதற்கு முன் மரியநாயகம் தன் சைக்கிளில் போய் இரண்டு லீற்றர் புதுப் பெற்றோல் வாங்கி வந்தார். வடித்த பழசைச் செல்வரத்தினத்தார் என்ன செய்தார் என்கிறீர்களா? துணியால் அரித்து மறுபடி கானுக்குள் விட்டார். அவசரத்துக்கு.

எஞ்சின் ஒரே உதையில் எழும்பியது. இருமலில்லை, வெடியில்லை.

திங்கள் விடிந்ததும் தாரிகா புறப்பட்டாள். செல்வரத்தினத்தார் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடவில்லை, கையை உயர்த்தவில்லை. சத்தம் ஒழுங்கையைத் தாண்டி, பனங்கூடலைத் தாண்டி, பெரிய வீதியில் ஏறி, காற்றோடு காற்றாய்த் தேயும் வரை, எங்கே அது ஒருதரம் தடக்கிவிடுமோ என்று படலையை விடாமல் நின்றார். அவர் வாழ்க்கையில் ஓர் எஞ்சினை உண்மையாகக் காது கொடுத்துக் கேட்டது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

ஒரு மணித்தியாலத்துக்குள் தொலைபேசி அடித்தது. அவர் அதைத் தாவி எடுத்தார். சத்தியபாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பா, படகிலை ஏறியிட்டன்."

அவர் கதிரையில் இருந்தார். மூச்சு வந்தது. மூச்சோடு மற்றதும் வந்தது.

"எஞ்சின் எப்பிடிப் பிள்ளை?"

"ஒரு குறையுமில்லை."

"கறள். நான் சொன்னனான் தானே?"

"ஓம் அப்பா," என்றாள் தாரிகா.

"ஓம், ஓம்," என்றார் சத்தியபாமா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு எஞ்சின் தெரியாது, சாவி பிடித்த கையும் இல்லை, ஆகவே இந்த இனத்தோடு உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். போன கிழமை உங்கள் வீட்டில் ஏதோ ஒரு காரியம் நீங்கள் சொன்னபடியே சரிவந்தது அல்லவா? 'நான் அப்பவே சொன்னேனே' என்று நீங்கள் சொன்னதும், வீட்டில் எல்லாரும் உடனே, மறுபேச்சில்லாமல், 'ஓம்' என்றார்கள் அல்லவா? அந்த நேரம் அவர்கள் உங்களைப் பார்த்தார்களா, ஒருவரையொருவர் பார்த்தார்களா?