நாற்பதாயிரம் ரூபாய்க் கண்ணாடி

காரில் ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறதே, அது உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் ரொம்ப நாளாக ஒரே ஒரு விலைதான் தெரியும். நாற்பதாயிரம். சொன்னவர் என் வீட்டுக்காரர் தங்கராஜ். எங்கள் காரையே பழசாக இரண்டேகால் லட்சத்துக்குத்தான் வாங்கினோம். அதில் முன் கண்ணாடி மட்டும் நாற்பதாயிரம் என்றால் மிச்ச வண்டியை எதில் செய்தார்களோ என்று யோசிப்பேன். கேட்க மாட்டேன். கேட்டால் பொருளாதாரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்த விலை எல்லா நாளும் வீட்டில் புழங்காது. நான் கார் சாவியைக் கேட்கிற நாளில் மட்டும் வரும். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ரிவர்ஸில் வளைத்துக் காட்டி, முதல் தடவையிலேயே வாங்கியது. அவர் இரண்டாம் தடவையில் வாங்கினார். அதை நான் வெளியில் யாரிடமும் சொல்வதில்லை.

சாவி எதற்கு என்றால், எங்கள் மகள் வைஷுவுக்காக. நாலு வயது. நாங்கள் குடியிருக்கும் வாகட், மராத்தி பேசுகிற ஊர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். அவர் ஹிஞ்ஜவடியில் இருக்கிற ஆபீசுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். கார் கீழே பார்க்கிங்கில் சுகமாகத் தூங்கும். எங்கள் ஆட்டோக்காரர் தூறல் விழுந்தால் போனை எடுக்க மாட்டார். ஜூலை மாதம் மட்டும் வைஷுவுக்குப் பதினொரு நாள் லீவு. மற்றப் பிள்ளைகள் எலிஃபன்ட் தாண்டிப் போய்விட்டார்கள். இவள் இன்னும் ஆப்பிளிலேயே நிற்கிறாள். டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

நானே கொண்டு போய் விடுகிறேன் என்று எப்போது சொன்னாலும் பதில் ஒன்றுதான்.

"அம்மிணி, இது உங்க கோபிச்செட்டிபாளையம் இல்ல. பூம்கர் சௌக்கு, நாலு ரோடும் ஒண்ணா முட்டுற இடம். எவனாவது ஒரு உரசு உரசினான்னா முன் கண்ணாடி போச்சு. நாப்பதாயிரம்."

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே நானும் வைஷுவும் கீழே போய், காரைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை கட்டி, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தோம். தேங்காய் சுற்றுவதை மட்டும் தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். அது ஆம்பளை வேலையாம். தேங்காயையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டைக்குப் போகிற மாதிரி லிஃப்டில் இறங்கினார்.

பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். நேராகக் குழாயடியில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை.

என்ன ஆச்சு என்றேன். பூஜை முடிந்து, காற்றுப் பிடிக்கலாம் என்று பெட்ரோல் பங்க் வரைக்கும் வண்டியை எடுத்தாராம். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் போனதாம். அதிலிருந்து ஒரு கல் பறந்து வந்து கண்ணாடியில் அடித்ததாம். இவர் சமயத்தில் பிரேக் போட்டதால் உயிர் தப்பியதாம். கல் கையகலம் இருந்தது என்று ஆரம்பித்தார். சாம்பாரைக் கிளறிக்கொண்டே நான் கேட்டு முடிப்பதற்குள் அது தலையணை அளவுக்கு வளர்ந்திருந்தது.

குப்பை போடுகிற சாக்கில் கீழே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் ஓட்டுகிறவர் பக்கம் சிலந்தி வலை மாதிரி விரிசல். கட்டின மாலை கட்டினபடி இருந்தது. சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழமும் வைத்தது வைத்தபடி, ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல் உட்கார்ந்திருந்தன. பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்வந்த கார் ஒரு பழத்தைக்கூட நசுக்கவில்லை. பானட் ஓரத்தில் தேங்காய் கிடந்தது. தலையில் கற்பூரக் கரி. கை சுட்டதும் உதறியிருக்கிறார், அது நேராகக் கண்ணாடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்து வந்து உடைத்துச் சட்னி அரைத்தேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வைஷு ஆப்பிளிலேயே நின்றிருப்பாள். அதனால் கவலைப்பட மட்டும் செய்தேன்.

"ஏனுங்க, நாப்பதாயிரத்துக்கு எங்கீங்க போறது? என்ற வளையலை வச்சுரலாமுங்களா?"

"சேச்சே, அவ்வளவெல்லாம் ஆகாது. இருபதுக்குள்ள முடிச்சுரலாம்."

ஒரே வார்த்தையில் பாதி விலை. சாயங்காலம் தோசை ஊற்றும்போது ஒரு பெருமூச்சு விட்டேன். பன்னிரண்டாயிரத்துக்கு வந்தது. மறுநாள் காலை, செலவைக் குறைக்கலாம் என்று அரை லிட்டர் பால் கம்மியாக வாங்கினேன். கறுப்புக் காபியைப் பார்த்ததும் எட்டாயிரம் என்றார். இன்னும் இரண்டு நாள் கவலைப்பட்டால் கடைக்காரர் நமக்குப் பணம் தருவார் போலிருந்தது.

இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த இடம், என்ன நேரம், எந்த மாதிரி டிப்பர் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஆள் வந்து பார்ப்பாராம், பார்க்கிங் கேமராவைக்கூடப் போட்டுப் பார்ப்பாரோ என்னவோ என்றேன். அவருக்குப் புரை ஏறியது. தலையைத் தட்டிவிட்டேன். இருமல் நின்றதும், ஒரு தடவை கிளெய்ம் பண்ணினால் அடுத்த வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி போய்விடும் என்று அரைமணி நேரம் விளக்கினார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தள்ளுபடி வருஷத்துக்கு நாலாயிரம் வீதம் இரண்டு வருஷத்துக்குப் போகும், அதற்கு மேல் நம் பங்காக ஆயிரம் கட்ட வேண்டும். சின்னக் கண்ணாடிக்கு அதில் லாபமில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

பிறகு நானே போன் போட்டு விசாரித்தேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரி, கூலி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு, கண்ணாடி வர மூன்று நாள். சிஞ்ச்வட்டில் ஜாதவ் என்பவரின் கண்ணாடிக் கடையில் ஐயாயிரத்து எண்ணூறு, பசையும் கூலியும் உட்பட. மழைத் தண்ணீர் உள்ளே ஒழுகாது என்று ஒரு வருஷத்துக்கு உத்தரவாதம்.

சனிக்கிழமை மூன்று பேரும் சிஞ்ச்வட் போனோம். விரிசல் இல்லாத பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே அவர் ஓட்டினார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கழுத்துச் சுளுக்கு என்று தோன்றியிருக்கும்.

ஜாதவ் நிதானமான ஆள். காய்கறி மார்க்கெட்டில் கற்ற ஹிந்தியில், கண்ணாடி நாற்பதாயிரத்துக்கும் உண்டா என்று அவரிடம் கேட்டேன். உண்டு என்று பக்கத்தில் நின்ற பெரிய வண்டியைக் காட்டினார். அதில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறதாம். கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவுக்கு ரோட்டை மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். செலவு அங்கேதான். எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதில் சொல்லிக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்றார்.

பழைய கண்ணாடியை அறுத்து எடுத்து, விளிம்பில் பசையைச் சுரண்டி, புதுசைப் பதித்து, காய வைத்தது வரைக்கும் இரண்டரை மணி நேரம். பில் வந்தது. நான் கடைசியாக ஒரு தடவை கவலைப்பட்டேன்.

"ஐயாயிரத்து எண்ணூறுங்க. பெரிய காசில்லீங்களா?"

"இதெல்லாம் ஒரு காசா அம்மிணி? ரோட்டுல வண்டின்னு போனா கண்ணாடி போறது சகஜம். போனா மாத்திக்கிறது. இதுக்கெல்லாம் பயந்தா வண்டியே எடுக்க முடியாது."

"யார் ஓட்டினாலுமுங்களா?"

"யார் ஓட்டினாலும்தான்."

நான் கையை நீட்டினேன்.

சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். பசை ஈரமாக இருக்கிறது, சனிக்கிழமை கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நான் ஜாதவிடம் திரும்பி, இன்றைக்கு எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பள்ளத்தில் இறக்கக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது, ஓரத்தில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கக் கூடாது என்றார். முப்பதில் போக முடியுமா என்று இவரைக் கேட்டேன். இவர் பார்க்கிங்கிலேயே நாற்பதில் போகிறவர்.

"வஹினியே ஓட்டட்டும்" என்றார் ஜாதவ். இங்கே அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள். அண்ணன் என்றால் பாவு.

சாவி கைக்கு வந்தது. வைஷுவைப் பின்னால் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். சீட்டை முன்னால் இழுத்தேன். பக்கத்துக் கண்ணாடிகளைத் திருப்பிக்கொண்டேன். ஸ்டார்ட் பண்ணினேன். அவர் மட்டும் இன்னும் ஏறவில்லை. திரும்பிக் கடைக்குள் போய்க் கல்லாவின் மேல் குனிந்து நின்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னார்:

"பாவு, அப்படியே பின்பக்கக் கண்ணாடியோட விலையையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க."