ஏறிய கோடும் இறங்கிய தண்ணீரும்

என் கிராஃபில் ஓர் எண்கூடத் தப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி வரப்போகும் எதுவும் எனக்குச் சாதகமாக இருக்காது.

புள்ளியியல் படித்து முடித்திருந்த சமயம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். (பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சங்கத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவள் நான் மட்டும்.) ஊர்ப் பொது போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வாரா வாரம் டேப்பை விட்டு, தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று அளந்து எழுதுவேன்.

அந்த வருடம் ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. போர் தண்ணீரை நம்பிக் குறுவை போடலாமா, வேண்டாமா என்பதை என் கிராஃபைப் பார்த்து முடிவு செய்வதாகக் கூட்டம் போட்டார்கள். அப்பா அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார். நட்டு, பாதியில் தண்ணீர் நின்றால் அவர் மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும்.

எண்களைப் போட்டதும் மென்பொருள் தானாகவே பூஜ்யத்திலிருந்து அறுபது வரை அளவு வைத்துக்கொண்டு ஒரு கோடு வரைந்தது. நாற்பத்திரண்டில் தொடங்கி நாற்பத்தொன்பதில் முடியும் கோடு, சீக்கு வந்ததுபோலப் படுத்துக் கிடந்தது. பட்டம் வாங்கியவள் காட்டுகிற கோடா இது? அச்சின் அளவை மாற்றும் பெட்டியைத் திறந்து, குறைந்தபட்சம் நாற்பத்தொன்று, அதிகபட்சம் ஐம்பது என்று போட்டேன். கோடு எழுந்து விறுவிறுவென்று மேலே ஏறியது. பச்சை நிறமும் கொடுத்தேன். அதே பெட்டியில், மதிப்புகளைத் தலைகீழாகக் காட்டவா என்று கேட்கும் ஒரு கட்டமும் இருந்தது. இவ்வளவு நல்ல கோட்டை எவளாவது தலைகீழாக்குவாளா என்று சிரித்துக்கொண்டே மூடினேன்.

கூட்டத்தன்று காலையில் அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏறுதுல்ல?”

“நல்லா ஏறுதுப்பா.”

அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை. அவர் நேராகப் போய் இரண்டு மூட்டை விதைநெல்லை ஊறவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்தார்.

சங்கத்துச் சுவரில் என் பச்சைக் கோடு விழுந்ததும் தலைவர் எழுந்துவிட்டார். “பாருங்க, தண்ணி எப்படி ஏறியிருக்கு பாருங்க!” எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அளந்தவள் நான், எழுதியவள் நான். ஆனாலும் கைதட்டலைக் கேட்டதும் எனக்கும் தண்ணீர் ஏறிவிட்டதாகவே தோன்றியது.

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் அப்போதுதான் கிரீஸ் கையோடு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.

“பாப்பா, தண்ணி ஏறியிருக்குன்னா இந்த மாசம் நாலு போர்ல நான் எதுக்குக் குழாய ஆழமா இறக்கிக் குடுத்தேன்?”

“எண்ணெல்லாம் சரிங்க பாய்.”

“சரிம்மா. உச்சியில நாப்பத்தொம்பதுன்னு இருக்கே, அது எங்கேருந்து?”

“தரையிலேருந்து…” என்றேன். “கீழ…”

அந்தக் ‘கீழ’ எனக்கே கேட்கவில்லை. ஆனால் கூட்டம் முழுவதற்கும் கேட்டது. பெட்டியைத் திறந்து, முன்பு கேலி செய்த அதே கட்டத்தை அழுத்தினேன். கோடு எல்லார் கண்முன்னாலும் தொபுக்கடீர் என்று கீழே விழுந்தது.

பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஏம்மா, ஒரே அழுத்துல தண்ணிய இறக்கிட்டீங்க. அதே மாதிரி இன்னொரு அழுத்து அழுத்தி மேல கொண்டாங்களேன்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. “ரெண்டு மூட்டை ஊறவெச்சுட்டேனேம்மா” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பொன்னாடையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

குறுவை வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் ஊறிய விதை சங்கத்துத் தீர்மானத்துக்குக் கட்டுப்படாதே! பாபநாசத்தில் இருக்கும் அத்தைக்கு ஆற்றோரத்து வயல். அங்கே பம்பில் தண்ணீர் குறையவில்லை. போன் செய்தேன். “கொண்டாங்க, நான் விதைச்சுக்கறேன்” என்றாள். மறுநாள் லோடு ஆட்டோவில் சொட்டச் சொட்ட இரண்டு மூட்டை, நடுவில் நானும் அப்பாவும். வழியெல்லாம் அவர் பேசியது ஒரே வாக்கியம்.

“பச்சைக் கலர் வேற குடுத்தே.”

ஒன்று சொல்கிறேன். அன்று கோடு விழுந்ததால்தான் ஊரில் ஒருவரும் அந்தக் குறுவையில் மாட்டவில்லை. ஆனி முடிவதற்குள் பொது போரில் வெறும் காற்றுதான் வந்தது. அப்பாவின் குத்தகை நிலம் தப்பியது. ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு சம்பா போட்டார். இதற்கு எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. நானே போய்ச் சங்கத்துச் சுவரில் பெயின்டால் புது கிராஃப் வரைந்தேன். பூஜ்யம் உச்சியில், அதன்மேல் நெற்பயிர், ஆழம் கீழ்நோக்கி. வாரா வாரம் அளந்து அதில் புள்ளி வைக்கிறேன். சிரித்தவர்கள் அத்தனை பேரும் இன்று அதைப் பார்த்துவிட்டுத்தான் விதை ஊறவைக்கிறார்கள். முதலில் போய் நிற்பது அப்பா.

அத்தை வயலில் அந்த விதை அமோகமாக விளைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளிடமிருந்து ஒரு மூட்டை அரிசி வருகிறது. மேலே நீல மையில் ‘கிராஃப் அரிசி’ என்று எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அப்பா மூட்டையைத் தலைகீழாக நிறுத்திவிட்டுத்தான் பிரிப்பார். நான் இரண்டாம் தடவை சோறு கேட்டால், “பானையில சோறு ஏறுதா இறங்குதா, பாத்துச் சொல்லு” என்பார்.

“எண்ணெல்லாம் சரிதான்ப்பா” என்று தட்டை நீட்டுவேன். அதில் மட்டும் நான் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை.