ரெண்டு பொட்டணம், ஒரு கால்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேர். நாலு நான் பெற்றது. ஐந்தாவது என் கொழுந்தன் சாமிக்கண்ணு. நான் வாக்கப்பட்டு வந்தபோது எட்டு வயதுப் பயல், மூக்கொழுகிக்கொண்டு நின்றான். அந்த மூக்கைத் துடைத்துவிட்ட கை இது. பிற்பாடு அவன் எனக்கே புத்தி சொல்ல ஆரம்பித்தான், அது வேறு கதை.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் என்னைவிடப் புத்திசாலி யாருமில்லை என்று முப்பது வயதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு என் வீட்டுக்காரர் ஒரு காலைக் கொடுத்தார். (என் காலைக் கேட்டிருந்தால் முதல் நாளே திருந்தியிருப்பேன்.)

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. போடிமெட்டுக்குப் போகிற மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் கங்காணி. மாமியார், நாங்கள், பிள்ளைகள் எல்லாரும் தோட்டத்து வீட்டில்தான் குடியிருந்தோம். சாமிக்கண்ணு கீழே போடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். லீவுக்கு லீவு கறுப்புச் சட்டையோடு மேலே வருவான். சட்டை கறுப்பான நாளிலிருந்து பெயரில் பாதியை வெட்டிவிட்டான். 'கண்ணு' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"மதினி, சாமி கும்புடுறவன் பூராம் மூளையைக் கழட்டி வச்சுட்டுத்தான் கும்புடுறான்" என்பான்.

"உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப மண்சோறு தின்னு வேண்டிக்கிட்டவ நான். அப்ப எங்க போச்சு உன் மூளை?"

"அப்ப எனக்கு வெவரம் தெரியாது."

"இப்ப மட்டும் என்னத்தக் கண்டுட்ட? தின்ன தட்டைக் கழுவி வைக்கத் தெரியல."

இப்படித்தான் எங்கள் சண்டை போகும். என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. களை வெட்டும்போது கத்தி வழுக்கி அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார். நாலாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கி, இரண்டு விரல் கறுத்துவிட்டது. தோட்டத்துக் கம்பவுண்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது என் கையில இல்லைத்தா. வெரசா கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இன்னைக்குப் போனா விரலோட போகும். நின்னீகன்னா காலோட போயிரும்."

மாமியார் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். அவர் புருஷனை ஒரு மழைக்காலத்தில் இதே மாதிரி ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். சாக்கைப் போட்டு மூடித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

"கீழ போனவுக போனவுகதான். காளியாத்தாகிட்ட பூக் கேட்டுட்டுத்தான் எம்மகன் எறங்கணும்."

"மூளை இருக்கவன் பூவுகிட்டப் போயி வைத்தியம் கேப்பானா?" என்று சாமிக்கண்ணு குதித்தான்.

படுக்கையில் கிடந்தவர், "பெத்த ஆத்தா மனசு ஒப்பாம நான் எறங்க மாட்டேன்டா. சாமி என்ன சொல்லுதோ அது" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பூக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் சுருட்டி, வெளியே தெரியாமல் நாரால் கட்டி, அம்மன் முன்னால் போட வேண்டும். விவரம் அறியாத பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிட வேண்டும்.

தோட்டத்துக்குக் கீழே மரத்தடியில் எங்கள் காளியாத்தா கோயில். பூசாரி கிடையாது. பொட்டணம் கட்டுகிற பொறுப்பு மூத்த மருமகளுக்கு. அது நான்தான்.

எனக்குச் சாமிமேல் நம்பிக்கை மலையளவு. ஆனால் கம்பவுண்டர் சொன்னது காதிலேயே நின்றது. ஆத்தாவுக்கும் இவர் பிழைப்பதுதான் விருப்பமாயிருக்கும், அவளுக்கு எதற்கு வீண் சிரமம் என்று நானே முடிவு செய்தேன். இரண்டு பொட்டணத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். இரண்டும் வெள்ளை. (என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.)

பொட்டணங்களை அம்மன் முன்னால் போட்டுவிட்டு, மாமியாரும் நானும் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு ஓடையில் தலை முழுகப் போனோம். சாமிக்கண்ணு வரவில்லை. "நான் உள்ள கால் வைக்க மாட்டேன். செருப்புக்குக் காவல் இருக்கேன்" என்று கோயிலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

ஈரத்துணியோடு வந்தோம். மகள் ஒரு பொட்டணத்தை எடுத்தாள். மாமியார் பிரித்தார்.

செவ்வரளி.

நான் வைத்தது இரண்டும் வெள்ளை. வெளியே நின்ற சாமிக்கண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "சிவப்பு! சரி, நான் போயி ஜீப்பு கொண்டாறேன்" என்று ஓடப் பார்த்தான்.

"எதுக்குடா ஜீப்பு? செகப்புன்னா போகக் கூடாதுன்னு அர்த்தம்" என்றார் மாமியார். மற்றப் பொட்டணத்தை ஓடையில் விட்டுவிட்டு வந்தார்.

சாமிக்கண்ணு முகம் செத்துப்போனது. சாமியிடம் தோற்றுப்போன ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசிக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. நன்றாகவே யோசித்தேன். பூவைப் பறித்தது நான், சுருட்டியது நான், கட்டியது நான். சாமி இல்லை என்கிறவன் கோயிலுக்குள் காலே வைக்கமாட்டான். அப்படியென்றால் வெள்ளையைச் சிவப்பாக்கியது யார்? ஆத்தா தவிர வேறு யார்? ஏமாற்றப் பார்த்த என்னை அவள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். இத்தனை சாட்சிக்கு அப்புறம் நம்பாமல் இருந்தால் நான் மனுஷியா?

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மாமியாரைவிட அதிகமாகக் கத்தியவள் நான். கம்பவுண்டர் இரண்டாம் தடவை வந்தபோது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். சாமிக்கண்ணு, "மதினி, நான் ஒண்ணு சொல்லணும்" என்று பின்னாலேயே வந்தான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சாமி சொல்லிருச்சு" என்று அவன் வாயை அடைத்தேன்.

மூன்று நாள். காய்ச்சலில் அவர் பிதற்ற ஆரம்பித்தார். கட்டை அவிழ்த்தால் வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு வேகும்போது சாமிக்கண்ணு அடுப்படியில் வந்து விழுந்தான்.

"மதினி, என்னைய வெட்டிப் போடுங்க. நீங்க குளிக்கப் போனப்ப பொட்டணத்தை மாத்துனது நான்தான். ரெண்டுலயும் செவப்பு வச்சேன்."

"எதுக்குடா செகப்பு வச்ச?"

"சாமிக்குச் சேலை செவப்பு, குங்குமம் செவப்பு. வெள்ளை தாலியறுத்தவுக கட்டுறது. அப்ப செவப்புத்தான நல்லதுன்னு யோசிச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"மூடப்பழக்கத்தைப் பத்தி நான் எப்படி மதினி உங்ககிட்ட வந்து கேக்குறது?"

"என் பொட்டணத்தைப் பிரிச்சாவது பாத்தியா?"

"எங்க பிரிக்க? நேரமில்ல. தூக்கிக் கீழ்ப்பக்கம் ஓடையில எறிஞ்சுட்டேன்."

"பிரிச்சிருந்தா ரெண்டுலயும் வெள்ளையைப் பாத்திருப்ப" என்றேன்.

சோறு பொங்கி அடுப்பை அணைத்தது.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான மதினி?" என்றான். குரல் எட்டு வயதுப் பயல் குரலாகிவிட்டது.

மாமியாரிடம் ஓடினேன். "அத்தை, ஆத்தா என் கனவுல வந்தா. இப்பவே கீழ கொண்டு போகச் சொல்றா" என்றேன்.

பின்னாலிருந்து கறுப்புச் சட்டை சொன்னது: "ஆமாத்தா. என் கனவுலயும் வந்தா."

மாமியார் எழுந்து வழிவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யை மூன்று நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் அது தோன்றவில்லை.

ஜீப்பில் ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். போடியில் பார்த்தவர்கள் தொடவே இல்லை, மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "ஒரு வாரமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "மழைங்கய்யா" என்றோம், இரண்டு பேரும் ஒரே வாயாக. கனவுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அதுதான்.

அவருக்கு நினைவு தெளிந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சாமி இல்லைங்குறவன் போயி பூவை மாத்திருக்கான். சாமி இருக்குங்குறவளும் மாத்திருக்கா. இந்த மலையிலயே பூவை நம்பிப் படுத்துக் கெடந்தவன் நான் ஒருத்தன்தான்டா. காலு போனதும் எனக்குத்தான்."

சிரித்துக்கொண்டே அழுதார். அந்தச் சத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மாமியாருக்குச் சொல்லவில்லை. உயிரை எடுக்காமல் காலை மட்டும் எடுத்துக்கொண்டாளே ஆத்தா என்று அவர் வருஷா வருஷம் மண்ணில் ஒரு கால் செய்து கோயிலில் வைக்க வேண்டிக்கொண்டார். கனவில் ஆத்தாவைக் கண்டவன்தான் அதைச் சுமக்க வேண்டும் என்று உத்தரவு. ஐப்பசிக்கு ஐப்பசி சாமிக்கண்ணு கறுப்புச் சட்டையோடு மண் காலைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்குவான். ஏலம் பறிக்கிற பொம்பளைகள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மாமியார் சாகும்வரை பதினோரு வருஷம் சுமந்தான். ஒரு வருஷம்கூட வாய் திறக்கவில்லை.

சாமி உண்டா இல்லையா என்று அவனும் நானும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். யாருக்கு மூளை அதிகம் என்று மட்டும் பேசுவதில்லை. நான் வாய்தவறி, "எனக்கு ஒரு யோசனை தோணுது" என்றால் போதும், என் வீட்டுக்காரர் இருக்கிற ஒற்றைக் காலை அவசரமாகக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொள்வார். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிவிட்டது. இப்போதும் நானோ சாமிக்கண்ணோ ஏதாவது யோசனை சொன்னால், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், நண்டு சிண்டு உட்பட, காலைத் தூக்கி மடக்கிக்கொள்கிறார்கள்.

ஏ பேத்தி வேணி, இந்தா நோட்டு. முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், அவரே சிரித்ததுதான். மூன்று நாள் என்று எழுதியிருக்கிறேன் பார், அந்த இடத்தில் மட்டும் சிரிக்காதே.