எரிந்து அணைந்த பிரேக் லைட்

மச்சினன் வீட்டு வாசப்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று ஸ்டோர்கீப்பர் சபதம் போட்டிருந்தார். காரணம் சின்னதல்ல. ஒரு கல்யாணக் கூட்டத்தில், நாலு பேர் பார்க்க, கார் எலக்ட்ரீஷியனான அந்த மச்சினன் இவருடைய காரைத் தட்டிப் பார்த்து, "மாமா, இந்தத் தகர டப்பாவை என் பட்டறைக்கு அனுப்பிடுங்க" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதை எப்படி மறப்பது?

இப்போது மச்சினன் புது வீடு கட்டிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை சேர்ந்து போயிட்டு வரலாங்க."

"நீ போ. நான் வரல."

"சரிங்க" என்று அவள் உடனே தலையாட்டினாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை, கழுவுவதற்காகக் காரை ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தார்.

"ஏங்க, பிரேக் லைட் எரியல."

"எரியும்."

"எரியலைங்கறேன். தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"நான் செத்தப்புறம் கூப்பிடு."

ஸ்குரூ டிரைவர் வந்தது. பழைய பல்பைக் கழற்றிப் புதுசு போட்டார். மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய்க் குந்தினார்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

"நல்லா அமுக்கு!"

"இதுக்கு மேல அமுக்கினா என் கால் ரோட்டுக்கு வந்துடும்!"

எரியவில்லை. டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தார். பின்னால்வரை கரண்டே வரவில்லை.

"உன் முழங்கால் கிட்டதான் ஃப்யூஸ் பெட்டி. ஃப்யூஸ் போயிருக்கா பாரு." அவருக்கு இடுப்பு வளையாது.

"ஃப்யூஸ் பத்திரமா இருக்குங்க."

எர்த் ஒயரைச் சுரண்டினார். முறுக்கினார். சபித்தார். வெயில் ஏறியது.

"உங்களால முடியாதுங்க. இதெல்லாம் தம்பிக்குக் கைவந்த வேலை" என்றாள் அவள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே.

"அவன் பேச்சை எடுக்காதே! இதை நானே சரி பண்றேன்."

"பண்ணி, அவன் வாசல்ல நிறுத்திக் காட்டுங்க, பார்க்கலாம்."

"காட்டறேன்!"

"நிஜமா?"

"நிஜமா!"

வந்த ஆத்திரத்தில் விளக்கின் மேல் ஓங்கி ஓர் அறை விட்டார். செக்கச்செவேலென்று எரிந்தது.

"பார்த்தியா! லூஸ் கனெக்ஷன்! கைராசின்னா இதுதான்!"

அப்போதே மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மச்சினன் வீட்டு வாசலோடு காட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். மச்சினன் காருக்குப் பின்னால் நின்று பார்த்து, "பிரமாதம் மாமா! யார் சொல்லிக் கொடுத்தா?" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு படியையும் மிதித்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

பொழுது சாயும்போது கிளம்பினார். "தண்ணி பாட்டிலை வச்சுடறேன்" என்று மனைவி சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். அவர் போய் ஏறி உட்கார்ந்து, பெருமையாகப் பிரேக்கை மிதித்தார்.

"மாமா, எரியல!"

இறங்கி வந்து விளக்கை ஓர் அறை அறைந்தார். இன்னொன்றும் அறைந்தார். கைதான் வீங்கியது.

"இருட்டில லைட் இல்லாம எப்படிங்க போறது?" என்றாள் மனைவி. "தங்கிட்டுக் காலைல போகலாம்."

"மாத்துத் துணி?"

அவள் டிக்கியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். அதில் அவருடைய பனியன், துண்டு, பல் தேய்க்கிற பிரஷ், பிரஷர் மாத்திரை டப்பா.

"காலைல மாத்திரையைப் பார்த்து முழுங்குங்க. டப்பாவில ஃப்யூஸும் கிடக்கு."