எண்ணெய் குடித்த பந்து

பொத்துவிலிலிருந்து கல்முனை வரைக்கும் இந்தக் கரையில், பெற்ற பிள்ளையைக் கூடக் குளிப்பாட்டாத ஆம்பிளைகள் எத்தனையோ பேர். பந்தைக் குளிப்பாட்டிய ஆம்பிளை ஒரேயொருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பந்துக் காக்கா.

வயதில் எனக்கு இளையவர். ஆனால் ஊரே காக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தம்பி என்றால் நன்றாயிருக்குமா? அவர் என்னை அக்கா முறைக்கு ராத்தா என்பார், நான் அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்பேன். இதில் யார் மூத்தது என்று வந்த சனம் குழம்பிப்போகும்.

டுபாயில் பந்து உருட்டி விளையாடும் மண்டபம் ஒன்றில் அவருக்கு வேலை. முதல் லீவில் வந்தபோது, என்ன வேலை என்று கேட்டார்கள்.

"லேனுக்கு எண்ணெய் பூசுற வேலை" என்றார்.

எங்களுக்கு லேன் என்றால் ஒழுங்கை. ஊர் வாயைப் பிளந்தது. "அங்க ஒழுங்கைக்கும் எண்ணெய் பூசுறானுகளாம்கா! இங்க எங்கட தலைக்கே இல்ல!" என்று முன்வீட்டுச் சாச்சி சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அது பந்து ஓடுகிற நீளப் பலகைத் தரை, வழுக்குவதற்காக எண்ணெய் பூசுவார்கள் என்று அவர் விளக்குவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, மற்றவர்களைப் போலப் போர்வை, பால்மா, அத்தர் எதுவும் இல்லை. பையைத் திறந்தால் நீலப் பந்து. பூசணிக்காய்ப் பருமன், அம்மிக்கல் பாரம், விரல் விட மூன்று ஓட்டை.

"இது என்ன?" என்றாள் பெண்சாதி.

"பந்து."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவள் வெறும் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள்.

மகள் ஸாஹிராவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் டைல்ஸ் பதித்த விறாந்தை இருந்தது. அந்தத் தொங்கலில் மண் நிரப்பிய சோடாப் போத்தல்களை அடுக்கி, இந்தத் தொங்கலில் இருந்து உருட்டுவார். பந்து நேரே போய் ஓரமாகச் சுவரில் முட்டும். போத்தல் சிரித்துக்கொண்டு நிற்கும்.

"முந்தியெல்லாம் இவன் போய்ப் போய்க் கடைசியில வளைஞ்சு கிறுகுவான் ராத்தா. இப்ப கிறுகுறான் இல்ல. அவ்வளவு எண்ணெய் குடிச்சிட்டான்."

பந்தின் மேனியிலும் நம் தோலைப் போலக் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டாம். அதன் வழியே தரையிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளுமாம். வயிறு நிறைந்த பந்து தரையைப் பிடிக்காதாம். அதைக் கக்க வைக்கச் சுடுதண்ணீர் வேண்டுமாம். அதற்கு என்னுடைய நெல் அவிக்கும் கிடாரம் வேண்டுமாம். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கிடாரம் வேலி தாண்டிப் போனது.

அன்று முற்றத்தில் நின்று டுபாய்க் கூட்டாளியோடு ஃபோனில் கதைத்தார். அவர் ஃபோனில் கதைத்தால் டுபாய்க்கு ஃபோன் இல்லாமலே கேட்கும்.

"ஓம் மச்சான்! ஆள் நல்லாக் குடிச்சிட்டான்! வருஷக்கணக்காக் குடிச்சிருக்கான்! உருளுறான், கிறுகுறான் இல்ல! நாளைக்குச் சுடுதண்ணிக்குள்ள போட்டு எல்லாத்தையும் கக்க வெக்கிறன்!"

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குள், பந்துக் காக்கா வீட்டில் எவனோ குடித்துவிட்டு உருளுகிறான் என்று ஊர் சொன்னது. பொழுதுபட்டு மஃரிபுக்குள் அந்த எவனோ காக்காவேதான் என்றானது. விடிவதற்குள் கதை சம்மாந்துறைக்கும் போய்விட்டது. ஸாஹிராவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் ஊர் அது.

காலையிலேயே ஓட்டோவில் வந்து இறங்கினா மாப்பிள்ளையின் உம்மா. சலாம் சொல்லி முடிந்ததும் உட்காராமலே கேட்டா.

"மச்சான், எண்ட மகன் இந்த ஊட்டுக்கு வந்து ஹயாத்து முழுக்க இரிக்கப்போறவன். அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க. இங்க குடிக்கிறது ஆரு?"

காக்கா பளிச்சென்று சிரித்தார். "அவனா மச்சி? அந்தா, கிடாரத்துக்குள்ள கிடக்கான்."

"இன்னாலில்லாஹி!" என்று அந்த மனுசி வாங்குப் பலகையில் விழுந்தா. கதவுச் சீலைக்குப் பின்னால் ஸாஹிரா விம்மினாள். காக்காவின் பெண்சாதி, "பந்தைச் சொல்றார் மச்சி, பந்தை!" என்று நெஞ்சிலடித்தாள். வேலியோரம் நின்ற என்னைச் சம்மாந்துறைக்காரி பார்த்தா. "நீங்க சொல்லுங்க ராத்தா, உண்மையா?"

நாலு பேருக்கு முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. "கிடாரம் என்னுடது" என்றேன். அவ்வளவுதான் என் சாட்சியம்.

அவவே எழும்பிப் போய்ப் பார்த்தா. அடுப்பிலிருந்து இறக்கிய கிடாரத்தில், அடியில் பழைய துவாய் விரித்து, ஓட்டைகளுக்கு டேப் ஒட்டி, சோப்புத் தண்ணீரில் கிடந்தது பந்து. மேலே மஞ்சள் எண்ணெய் படலம் படலமாக மிதந்தது. அவ குனிந்து மணந்து பார்த்தா. எண்ணெய்தான்.

"சூடு காணா போல. கொதிக்க உடுங்களன்" என்றா, மெதுவாக.

"ஐயோ மச்சி, வெடிச்சிரும்! பச்சப் புள்ளைக்குத் தண்ணி வாக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்." காக்கா முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பந்தை இரண்டு கையாலும் அள்ளி, துவாயில் சுற்றி, மடியில் வைத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுகா வியர்வை போல எண்ணெய் அரும்பியது. "கக்குடா வாப்பா, கக்கு" என்று சொல்லிச் சொல்லித் துடைத்தார்.

சம்மாந்துறைக்காரி அவர் துடைக்கிற கையையே பார்த்தா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறவன். பெற்றவளுக்கு அந்தப் பயம் இருக்கும்.

"பந்தையே இப்பிடிப் பாக்கிற ஊட்டுல எண்ட மகன் பட்டினி கிடக்கமாட்டான்" என்றா. சீலைக்குப் பின்னால் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. "தேத்தண்ணி ஊத்துங்க மச்சி, குடிச்சிட்டுப் போறன்."

"குடிச்சிட்டு எண்டு மட்டும் வெளியில சொல்லிராதீங்க" என்றார் காக்கா.

அன்று பின்னேரம் பந்து விறாந்தையில் போய்ப் போய், கடைசியில் அழகாகக் கிறுகியது. போத்தல்கள் சடசடவென்று சாய்ந்தன. ஒரு டைல்ஸும் வெடித்தது. வெடித்த டைல்ஸோடுதான் வீட்டை மருமகனுக்குக் கொடுத்தார்.

அந்தப் போகத்துச் சோறு எங்கள் வீட்டில் லேசாகச் சோப்பு மணந்தது. அதை நான் காக்காவிடம் சொல்லவேயில்லை. இந்த மாரிக்கு முந்தி அவர் மவுத்தாகிப் போனார். இனிச் சொல்லவும் முடியாது.

அதே கிடாரத்தில்தான் இன்றைக்கும் நெல் அவிக்கிறேன். தண்ணீர் சுட்டதும் முழங்கையை வைத்துப் பார்க்கிறேன். நெல்லுக்கு அது தேவையில்லை.